எந்தெந்த உடல்நலக் குறைகளுக்கு மசாஜ் சிகிச்சை பயன் தரும்?

கேள்வி:
அறுபத்து நான்கு வயதாகும் என் அம்மா முழங்கால் மூட்டுத் தேய்மானத்தால் மாடிப்படி ஏறவே சிரமப்படுகிறார். நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை செய்யும் எனக்கோ ஓராண்டாகக் கழுத்து வலி. மசாஜ் சிகிச்சையால் எங்களுக்கு உண்மையிலேயே குணம் தெரியுமா, அல்லது அன்றைக்கு இதமாக இருந்துவிட்டு மறுநாளே வலி திரும்பிவிடுமா?

பதில் 1:
நான் இயன்முறை மருத்துவர். கழுத்து வலிக்குப் பயன் உண்டு. ஆனால் எவ்வளவு நேரம், எத்தனை முறை என்பதைப் பொறுத்தது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 60 நிமிட மசாஜை வாரம் இரண்டு மூன்று முறை வீதம் 4 வாரங்கள் பெற்றவர்களுக்கு நல்ல முன்னேற்றம் இருந்தது. 30 நிமிட மசாஜ் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. முழங்காலைப் பொறுத்தவரை, வாரம் ஒருமுறை 60 நிமிடம் என 8 வாரங்கள் செய்தபோது வலியும் விறைப்பும் குறைந்தன. நிறுத்திய சில மாதங்களில் அந்த வேறுபாடு மங்கிவிட்டது. தேய்ந்த குருத்தெலும்பை மசாஜ் வளர்க்காது. மூட்டைச் சுற்றி இறுகிய தசைகளைத்தான் தளர்த்தும். ஆகவே தொடைத்தசைப் பயிற்சியை அம்மா விட்டுவிடக் கூடாது.

பதில் 2:
எனக்கு ஃபைப்ரோமயால்ஜியா (உடல் முழுவதும் தசைவலி தரும் நாட்பட்ட நோய்) உண்டு. அழுத்திப் பிடித்தால்தான் வலி போகும் என்று நம்பி அப்படியே மசாஜ் செய்துகொண்டு, இரண்டு நாள் படுக்கையில் கிடந்தேன். மென்மையாகச் செய்யத் தொடங்கிய பிறகே தூக்கம் சீரானது.

பதில் 3:
யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலின் கெண்டைச்சதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அது ஆழ்சிரை இரத்த உறைவாக (காலின் உள்ளே ஆழமாக ஓடும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது) இருக்கக்கூடும்; அதைத் தேய்த்தால் உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. காய்ச்சல், தோல் தொற்று, ஆறாத எலும்பு முறிவு இருந்தாலும் தவிர்க்க வேண்டும். எலும்புப்புரை (எலும்பு வலுவிழந்து எளிதில் முறியும் நிலை) உள்ளவர்களுக்கும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் பலமான அழுத்தம் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இதயத் துடிப்புச் சீராக இல்லாததால் அம்மா அத்தகைய மாத்திரையைத்தான் நாள்தோறும் உட்கொள்கிறார். முழங்காலுக்கும் அதற்கும் தொடர்பிருக்கும் என்று தோன்றாததால் கேள்வியில் குறிப்பிடவில்லை. அவருடைய மருத்துவரிடம் கேட்ட பிறகே அம்மாவுக்கு முன்பதிவு செய்வேன். என் கழுத்துக்கு மட்டும் இந்த வாரமே 60 நிமிட மசாஜைத் தொடங்குகிறேன்.