பால்வாடி வேலையில் ஆர்வம் வற்றாமல் இருக்க: அனுபவப் பகிர்வு

அங்கன்வாடிப் பணியாளர், தஞ்சாவூர் பக்கம்:

புதுசா வேலைக்குச் சேர்ந்த தங்கச்சி கேட்ட கேள்வி நியாயமானது. சமையல், எடை, பதிவேடு, போன்ல விவரம் ஏத்தற போஷன் டிராக்கர் ஆப்னு நாள் ஓடிடுது, பிள்ளைங்களோட இருக்கிற சந்தோஷம் எங்கே கிடைக்கும்? என்னைக் கேட்டா, எண்ணி விளையாடும்போது பக்கத்துல உட்கார்ந்து பாருங்கம்மா.

மூணு வயசுப் பிள்ளை "ஒண்ணு, ரெண்டு" தொடங்கிப் பத்து வரைக்கும் பாட்டு மாதிரி ஒப்பிச்சிடும். அதுக்கு எண்ணத் தெரியும்னு முடிவு கட்டிடாதீங்க. ஒரு தட்டுல பத்து மூடி போட்டு, "எனக்கு மூணு குடு"ன்னு கேளுங்க. கை கொள்ற அளவு அள்ளித் தரும். முதல்ல "ஒண்ணு குடு" மட்டும் சரியா வரும், ரெண்டு கேட்டா அள்ளும். சில மாசம் போனா ரெண்டு பிடிபடும், அப்புறம் மூணு. அஞ்சு மூடியை வரிசையா வெச்சு எண்ணச் சொல்லிட்டு "மொத்தம் எத்தனை?"ன்னு கேட்டா, பதில் சொல்லாம மறுபடி முதல்ல இருந்து எண்ணும். கடைசியாச் சொன்ன எண்தான் மொத்தம்கிறது அதுக்கு இன்னும் எட்டலை. நாலு வயசையொட்டி ஒரு நாள் எண்ணி நிறுத்தி, "அஞ்சு டீச்சர்"னு நிமிர்ந்து பார்க்கும். அந்த மாற்றத்தைக் கண்ணால பார்க்கக் கிடைக்கிற வேலை இது. ஆனா பத்து வரைக்கும் கோரஸா கத்த மட்டும் விட்டா அது நம்ம கண்ணுல படவே படாது.

இதுக்குத் தனியா நேரம் ஒதுக்க வேண்டாம். சாப்பாட்டு நேரத்துல தட்டு வைக்கிற வேலையை ரெண்டு பிள்ளைங்ககிட்ட விடுங்க, ஆளுக்கு ஒரு தட்டு. குறைஞ்சா, மிஞ்சினா நாம சொல்லக் கூடாது. அதுங்களே கண்டுபிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: மூணு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க கைக்குப் புளியங்கொட்டை, மணி, சோடா மூடி எதுவும் போகவே கூடாது. மூக்குல, காதுல திணிச்சுக்கும், தொண்டையில சிக்கினா ஆபத்து. நாலு செ.மீ.க்கு மேல அகலமுள்ள ஊறுகாய் பாட்டில் மூடி போதும்.

மழலையர் பள்ளி ஆசிரியை, கோவை:

அக்கா சொன்னதோட எழுத்து விஷயத்தையும் சேர்த்துக்கறேன். "இன்னும் ஏபிசிடி எழுதலையா?"ன்னு பெற்றோர் கேட்கிறாங்கன்னு மூணு வயசுல பென்சிலைத் திணிக்கிறோம். மணிக்கட்டு எலும்புகள் அந்த வயசுல முழுசா உருவாகியிருக்காது, விரல் தசைக்கும் பலம் போதாது. பிள்ளை பென்சிலை முஷ்டியில பிடிச்சு அழுத்தும், கை வலிக்கும், எழுதறதே பிடிக்காமப் போயிடும். அதுக்குப் பதில், தரையில இருந்து மூணடி உயரம் வரைக்கும் சுவர்ல கரும்பலகை பெயின்ட் அடிச்சு சாக்பீஸ் குடுங்க. நின்னுக்கிட்டுக் கிறுக்கினா தோளும் மணிக்கட்டும் பலப்படும். கிரேயானை ரெண்டு செ.மீ. துண்டா உடைச்சுக் குடுங்க. சின்னத் துண்டை முஷ்டியில பிடிக்க முடியாது, விரல் நுனி தானா வேலை செய்யும்.

விரலுக்கு நல்லது பிசையற மாவு: மைதா ரெண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் ரெண்டு மேசைக்கரண்டி, தண்ணி முக்கால் கப்ல இருந்து ஒரு கப் வரைக்கும், நிறத்துக்கு மஞ்சள் தூள். தண்ணியை ஒரேயடியா ஊத்தினா பசையாகிடும், கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. உப்பைக் குறைச்சா நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு நாள்ல புளிச்சுப் பூஞ்சை பிடிக்கும். விரல்ல காயம் இருக்கிற பிள்ளைக்கு அன்னைக்குக் குடுக்காதீங்க, எரியும். உப்பு அதிகம்கிறதால வாயில வைக்காமலும் பார்த்துக்கணும்.

பயிற்சியாளர், மதுரை:

இந்த வேலையில கற்பிக்கிற திறமைக்கு முன்னாடி வேண்டியது கவனிக்கிற பழக்கம். இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினாங்க. அவங்க முறைக்கே அடிப்படை பிள்ளையைக் கவனிக்கிறதுதான். அதுக்கும் முன்னாடி, 1920-ல பாவ்நகர்ல பாலமந்திர்ங்கிற மழலையர் பள்ளியை ஆரம்பிச்ச கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞரா இருந்தவர். குஜராத்ல அவரை 'மீசை வெச்ச அம்மா'ன்னு அன்பா கூப்பிட்டாங்க. இந்த வேலைக்கு வரத் தயங்குற தம்பிங்களுக்காகவே இதைச் சொல்றேன்.

நடைமுறைக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளைக்கு மூணு பிள்ளைங்க, ஆளுக்கு ரெண்டு வரி. இருபத்தஞ்சு பிள்ளைங்க இருந்தா ஒன்பது வேலை நாள்ல ஒரு சுற்று முடியும். "அடம் பிடிச்சான்"னு எழுதினா அடுத்த மாசம் எதுக்கும் உதவாது. "கட்டையை எடுத்ததும் அழுதான், தண்ணி குடுத்ததும் நிறுத்திட்டான், பிறகு தானே வேற கட்டை தேடினான்"னு கண்ணுல பட்டதை எழுதுங்க. யாருக்கு எழுதலைன்னு பாருங்க. வம்பு பண்ணாம ஓரமா உட்கார்ந்திருக்கிற பிள்ளையாத்தான் அது இருக்கும், பெரும்பாலும். பதிவேட்டு வேலையையும் போன்ல ஏத்தற வேலையையும் பிள்ளைங்க தூங்குற நேரத்துக்குத் தள்ளிடுங்க. காலை பத்துல இருந்து பதினொன்றரை வரைக்கும் போன் கையில இருக்கக் கூடாது.

உதவியாளர், விருதுநகர்:

ஜூன் மாசம் அழுற பிள்ளைங்களுக்கு: அம்மா சொல்லாமக் கொள்ளாம நழுவிப் போறதுதான் பெரிய தப்பு. மறுநாள் புடவையை விடவே விடாது. தினமும் ஒரே வார்த்தை, ஒரே டாட்டா, உடனே கிளம்பிடணும். முதல் நாள் அரை மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமா கூட்டலாம். வந்ததும் கையில ஒரு வேலை குடுங்க: செடிக்கு ஒரு சொம்பு தண்ணி, பாய் விரிக்கிறது.

அங்கன்வாடிப் பணியாளர், தஞ்சாவூர் பக்கம்:

கதை நேரத்துக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஜன்னலுக்கு முதுகு காட்டி நீங்க உட்கார்ந்தா உங்க முகமும் படமும் இருட்டாத் தெரியும், பிள்ளைங்க நெளிய ஆரம்பிக்கும். வெளிச்சம் உங்க முகத்துல விழணும், வாசல் பிள்ளைங்களுக்குப் பின்னால இருக்கணும். தினம் புதுக்கதை தேட வேண்டாம், ஒரு வாரத்துக்கு ஒரே கதை. திங்கள் நீங்க சொல்லுங்க, செவ்வாய் நடுவுல நிறுத்தி "அப்புறம்?"னு கேளுங்க, புதன் நடிக்க விடுங்க, வியாழன் முடிவை மாத்திச் சொல்லுங்க. "அப்படி இல்ல டீச்சர்!"னு சண்டைக்கு வரும். வெள்ளிக்கிழமை அதுங்க சொல்லட்டும், நீங்க பாய்ல உட்கார்ந்து கேளுங்க.