புதுப்பிப்பு: வாலாஜா பள்ளிவாசல் இஃப்தார் படங்களில் விழுந்த பட்டை போய்விட்டது

திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையின் இந்துத் தொண்டர்கள் நோன்பாளிகளுக்குப் பரிமாறுவதைப் படமெடுத்தபோது குறுக்கே கருப்புப் பட்டை விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

கைகொடுத்தது, “சைலண்ட் ஷட்டரை (படத்தை வரிவரியாகப் பதியும் சத்தமில்லா முறை) அணைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/100 நொடியில் வையுங்க” என்ற யோசனைதான். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100-இல் ஒரு முழுத் துடிப்பும் படத்தில் பதிந்துவிடுவதால் பட்டை இல்லை. ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 போதுமாக இருந்தது. புது லென்ஸ் தேவைப்படவில்லை (பர்ஸ் தப்பியது!).

எதிர்பாராதது: ஷட்டர் சத்தத்தை யாரும் கவனிக்கவே இல்லை, பாங்குக்கு முன் வாளிச் சத்தம் அவ்வளவு. கஞ்சி ஊற்றும் கை மட்டும் லேசாகக் கலங்குகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. அனுமதி தந்தவர்கள் கேட்டுக்கொண்டபடி, தொழுகையை எடுக்கவில்லை.