7 ஹார்ட் டிஸ்க், ஒரே மேசை: எதை எங்கே வைப்பது, எதில் செருகுவது?

ஒளிப்பெட்டி:

வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங். மேசை 4 அடிக்கு 2 அடி. லேப்டாப்பில் டைப்-ஏ போர்ட் 2, டைப்-சி 1. கையில் இருப்பவை: 2.5 அங்குல போர்ட்டபிள் 5 (1 டிபி இரண்டு, 2 டிபி இரண்டு, 4 டிபி ஒன்று), தனி அடாப்டருடன் வரும் 3.5 அங்குல 8 டிபி இரண்டு. போர்ட்டபிள்கள் அடாப்டர் இல்லாத 4 போர்ட் யூஎஸ்பி 3.0 ஹப்பில், 8 டிபி இரண்டுக்கும் கரண்ட் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து, அதற்குப் பின்னால் வீட்டு இன்வெர்ட்டர்.

தொல்லைகள்: ஹப்பில் மூன்றாவது டிஸ்க்கைச் செருகினால் ஏதாவது ஒன்று கழன்றுவிடுகிறது. காப்பி ஓடும்போது வயர்லெஸ் மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது. பவர் கட் ஆகி இன்வெர்ட்டர் எடுக்கும் நொடியில் 8 டிபி இரண்டும் ரீசெட். திரும்பி வரும்போது சில சமயம் டிரைவ் எழுத்து மாறி, எடிட்டிங் ப்ராஜெக்டில் கோப்பைக் காணோம் என்று எல்லா கிளிப்பும் சிவப்பு. வயர் சிக்கலைச் சொல்லவே வேண்டாம்.

ஸ்டாண்ட் வாங்கலாமா, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடலாமா?

மின்தச்சன்:

சார், ஸ்டாண்டைக் கடைசியில் பார்ப்போம். நீங்கள் சொன்னதில் மவுஸைத் தவிர மற்றதெல்லாம் கரண்ட் விவகாரம். அதைச் சரிசெய்யாமல் அடுக்கினால் அடுக்கு அழகாக இருக்கும், டிஸ்க் அப்படியே கழன்றுகொண்டிருக்கும்.

யூஎஸ்பி 3.0 போர்ட் ஒன்றின் கணக்கு 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர். 2.5 அங்குல டிஸ்க் ஓடும்போது அரை ஆம்பியர் அளவில் இழுக்கும். சுழலத் தொடங்கும் ஓரிரு விநாடி மட்டும் 1 ஆம்பியர் வரை போகும். அடாப்டர் இல்லாத ஹப், லேப்டாப்பின் அந்த ஒரே போர்ட் தருவதைத்தான் நான்காகப் பங்கு வைக்கிறது. இரண்டு டிஸ்க் எப்படியோ ஓடிவிடும். மூன்றாவது சுழல முயலும்போது வோல்ட்டேஜ் இறங்கும். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கும் சேர்ந்து விழும். அப்போது கேட்கும் டிக் டிக் சத்தத்தை வைத்து டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். முதலில் அதை மட்டும் தனியாக லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

வாங்க வேண்டியது தனி அடாப்டர் உள்ள ஹப். போர்ட் எண்ணிக்கையைவிட அடாப்டரைப் பாருங்கள். 7 போர்ட் என்று போட்டு 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுப்பார்கள். அது இரண்டு டிஸ்க்குக்குத்தான் காணும். மூன்று டிஸ்க் என்றால் 5 வோல்ட் 4 ஆம்பியர், அல்லது 12 வோல்ட் 3 ஆம்பியர் இருக்கட்டும். வேகம் குறையுமோ என்ற கவலை வேண்டாம். 5 ஜிபிபிஎஸ் ஹப்பில் நடைமுறையில் விநாடிக்கு 400 எம்பிக்கு மேல் கிடைக்கும். போர்ட்டபிள் ஒவ்வொன்றும் 120, 130-தான்.

அடுத்தது இன்வெர்ட்டர். கரண்ட் போனால் லேப்டாப்புக்குத் தெரியாது, அதற்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. 3.5 அங்குல டிஸ்க்குக்கு அது கிடையாது. எழுதும் நடுவில் நின்றால் கோப்பு மட்டுமல்ல, பைல் சிஸ்டமே கெடலாம். இன்வெர்ட்டரின் பின்னாலோ பக்கத்திலோ யூபிஎஸ் மோட் சுவிட்ச் இருக்கும். எக்கோ மோட் என்ற இன்னொரு நிலையைவிட அதில் பேட்டரிக்கு மாறும் நேரம் குறைவு. அதற்கும் ரீசெட் ஆனால், 600 விஏ கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று வாங்கி 8 டிபி இரண்டையும் ஹப் அடாப்டரையும் மட்டும் அதில் போடுங்கள். பிரிண்டரை அதில் போடாதீர்கள். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலையாக இல்லாமல் சதுர அலையாகக் கரண்ட் தருவது) என்றால் முதலில் சோதித்துப் பாருங்கள்: பல யூபிஎஸ் அந்தக் கரண்ட்டை ஏற்காது, கீகீ என்று கத்திக்கொண்டே தன் பேட்டரியைத் தீர்த்துவிடும்.

அடாப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கின் 12 வோல்ட் பின் உருண்டையானது; ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், மானிட்டர் அடாப்டர்களில் பலவும் அதே அளவுதான். மானிட்டரின் 19 வோல்ட்டைச் செருகினால் டிஸ்க் போர்டு அப்போதே போகும். ரவுட்டரின் 12 வோல்ட் 1 ஆம்பியரைச் செருகினால் எரியாது, ஆனால் சுழன்று சுழன்று நின்றுவிடும். இரண்டு முனையிலும், அதாவது பிளக் பக்கமும் பின் பக்கமும், டிஸ்க்கின் பெயரை எழுதி ஒட்டுங்கள்.

வயர்மேன்77:

மவுஸ் விஷயம்: யூஎஸ்பி 3.0 கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் விடும். இன்டெல் 2012-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மவுஸ் டாங்கிள் (யூஎஸ்பியில செருகுற குட்டி ரிசீவர்) டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்து போர்ட்டில் இருந்தால் தத்தத்தான் செய்யும். 1 மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷனில் டாங்கிளை மாட்டி மவுஸ் பேட் பக்கம் கொண்டுவாங்க. செலவு அவ்வளவுதான். வைஃபையும் தடுமாறினா 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்திடுங்க.

இப்ப அடுக்குறது. போர்ட்டபிளுக்குன்னு விலை கூடின அக்ரிலிக் ஸ்டாண்ட் எதுவும் தேவையில்ல. பாத்திரக் கடையில கிடைக்கிற சின்ன தட்டு ஸ்டாண்ட் போதும். கம்பி இடைவெளி 2.5 செ.மீ.க்குக் குறையாம பாத்து வாங்குங்க. 4 டிபி போர்ட்டபிள் உள்ளே 15 மி.மீ. தடிமன், உறையோட 2 செ.மீ. வரும். கம்பிக்கு ரப்பர் குழாய், இல்லன்னா சைக்கிள் டியூப் துண்டு மாட்டினா டிஸ்க் வழுக்காது, அதிர்வும் கடத்தாது. டிஸ்க்கை நிக்க வைக்கிறதா படுக்க வைக்கிறதான்னு ஒரு சண்டை எப்பவும் நடக்கும். ரெண்டும் சரி. ஓடும்போது நிலையை மாத்துறதுதான் தப்பு.

8 டிபி ரெண்டையும் மேசை மேல வைக்காதீங்க. நிக்க வைச்சா அடிப்பாகம் குறுகல், ஒரு கேபிள் இழுபட்டா சாயும். ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைச்சா மேல இருக்கறது வெந்துடும். மேசைக்குக் கீழயோ பக்கச் சுவர்லயோ தனிப் பலகை, நடுவுல ஒரு சாண் இடம், அடியில ரப்பர் பாதம். ஸ்பீக்கர் காந்தம் டேட்டாவை அழிச்சிடும்னு பயப்பட வேண்டாம், அந்தக் காந்தத்துக்கு அவ்வளவு பலம் கிடையாது. ஸ்பீக்கரோட அதிர்வு வேற கதை. வூஃபர் இருக்கிற பலகையில டிஸ்க் வேண்டாம்.

சூடு: பெரும்பாலான டிஸ்க்குக்கு உச்சவரம்பு 60 டிகிரி. 50-க்குள்ள வைச்சுக்கிட்டா நல்லது. மே மாச மதியம் அறையே 35, 36. விசிறி இல்லாத பிளாஸ்டிக் உறைக்குள்ள அதுக்கு மேல 15 சுலபமா ஏறும். 8 டிபி முழுசும் காப்பி பண்ண 12 மணி நேரத்துக்கு மேல ஆகும், அவ்வளவு நேரமும் சூடு. ராத்திரி ஓட விடுங்க, டேபிள் ஃபேனை அந்தப் பக்கம் திருப்புங்க.

போர்ட்டபிள்ல இருக்கிற அந்த அகல மைக்ரோ-பி சாக்கெட் ரொம்ப பலவீனம். கேபிளோட கனம் அதுல தொங்கவே கூடாது. 30 செ.மீ. கேபிள் வாங்கி, சாக்கெட்டுலேர்ந்து நாலு விரல் தள்ளி ஸ்டாண்ட் கம்பியோட வெல்க்ரோ போட்டுக் கட்டுங்க. பிளாஸ்டிக் டை வேண்டாம். அதை வெட்டுறப்ப கேபிளும் வெட்டுப்படும்.

ஒளிப்பெட்டி:

இருவருக்கும் நன்றி. ஹப்பும் பலகையும் முடிவு. ஆனால் நான்கு டிஸ்க்கை உறையிலிருந்து கழற்றி 4 பே என்க்ளோஷர் (நான்கு டிஸ்க் செருகும் பெட்டி) ஒன்றில் போட்டால் ஒரே அடாப்டர், ஒரே கேபிளோடு முடியுமே? அதில் என்ன சிக்கல்?

பைட்டு:

நிறைய இருக்கிறது. கழற்றுவதற்கு முன் எல்லாவற்றுக்கும் வேறு இடத்தில் நகல் வேண்டும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் போர்ட்டபிள்கள் பலவற்றில் சாட்டா கனெக்டரே (டிஸ்க்கைப் பெட்டியில் செருகும் வழக்கமான முனை) கிடையாது. யூஎஸ்பி சாக்கெட் டிஸ்க் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். உறையைப் பிளந்த பிறகுதான் தெரியும். மை பாஸ்போர்ட், மை புக் வரிசையில் பல மாடல்கள் நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் எல்லாவற்றையும் என்க்ரிப்ட் செய்தே எழுதும். சாவி உறையோடு வந்த பாலம் போர்டை, அதாவது டிஸ்க்கை யூஎஸ்பியோடு இணைக்கும் சிறு போர்டை, சார்ந்தது, அது இல்லாமல் வெறும் டிஸ்க்கைச் செருகினால் குப்பைதான் தெரியும்.

என்க்ரிப்ஷன் இல்லாவிட்டாலும் இன்னொன்று உண்டு. சில பழைய உறைகளும் டாக்குகளும் (வெறும் டிஸ்க்கைச் செருகும் ஸ்டாண்டுகள்) 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கை 4096 பைட் செக்டராக (டேட்டா எழுதும் சிறு கட்டம்) மாற்றிக் காட்டும். வேறு என்க்ளோஷர் 512 என்று காட்டினால், விண்டோஸ் அதே டிஸ்க்கைக் காலி என்று சொல்லி இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். எதையும் அழுத்தாமல் பழைய உறைக்குத் திரும்புங்கள், டேட்டா அப்படியே இருக்கும்.

3.5 அங்குலத்தைக் கழற்றி டெஸ்க்டாப் பவர் கேபிளில் மாட்டினால் சில டிஸ்க் சுழலவே சுழலாது. சாட்டாவின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திரு என்பது புது விதி. முதல் மூன்று பின்னில் கேப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்) ஒட்டினால் எழுந்துவிடும். யூஎஸ்பி டாக்குகளில் பொதுவாக இந்தத் தொல்லை வராது.

அப்படியும் 4 பே வாங்குவதானால் புது 3.5 அங்குல டிஸ்க்குகளோடு வாங்குங்கள், 80 மி.மீ. விசிறியாவது இருக்கட்டும், ஜேபிஓடி முறையில், அதாவது ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகத் தெரியும்படி வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகுமா என்று கடையில் கேளுங்கள். அமுக்கு பட்டன் வைத்த பல பெட்டிகள் ஆகாது. ரெய்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) முறையில் 0 வகை வேண்டாம், அது கோப்பைத் துண்டாக்கி எல்லா டிஸ்க்கிலும் பரப்பும், ஒன்று போனால் எல்லாம் போச்சு. பழைய போர்ட்டபிள்களை ரெய்டில் சேர்க்க நினைக்காதீர்கள். 2 டிபியும் அதற்கு மேலும் உள்ள 2.5 அங்குல போர்ட்டபிள்கள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஓரம் படிய எழுதும் வகை). விடாமல் நூற்றுக்கணக்கான ஜிபி எழுதினால் வேகம் படுத்துவிடும். ரெய்டு அதைக் கோளாறு என்று எண்ணி டிஸ்க்கை வெளியே தள்ளும்.

சேமிப்புக்கிடங்கு:

எழுத்து மாறுவதற்கு: விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பி-யிலிருந்து வி வரை, அதாவது ஆங்கில வரிசையின் பின்பாதியில், நிரந்தர எழுத்து கொடுங்கள். ஈ, எஃப், ஜி எல்லாம் மெமரி கார்டும் பென் டிரைவும் பிடித்துக்கொள்ளும் இடம். கேமரா கார்டு செருகியிருக்கும்போது டிஸ்க் ரீசெட் ஆனால் எழுத்து இடிப்பது அங்கேதான். இதைவிட உறுதியான வழி, சி டிரைவில் ஒரு காலி ஃபோல்டர் வைத்து டிஸ்க்கை அதற்குள் மவுண்ட் செய்வது (டிஸ்க் அந்த ஃபோல்டராகவே திறக்கும்படி இணைப்பது). ப்ராஜெக்ட் அந்தப் பாதையைத்தான் தேடும், எழுத்து என்னவானாலும் கவலையில்லை.

டிஸ்க்கின் வால்யூம் பெயரும் மேலே ஒட்டும் ஸ்டிக்கரும் ஒன்றாக இருக்கட்டும். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும் முறைகளில் என்டிஎஃப்எஸ்ஸில் 32 எழுத்து, எக்ஸ்ஃபேட்டில் 11 எழுத்துதான். 11-க்குள் பெயர் வைத்துவிட்டால் எங்கும் ஒத்துப்போகும். மேக் பயன்படுத்தாதவர் எக்ஸ்ஃபேட் வைத்திருக்கக் காரணமே இல்லை. அதில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது, எழுதும்போது கரண்ட் போனால் அதிக அடி அதற்குத்தான்.

மேற்சொன்னவர்களோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. ஏழு டிஸ்க்கையும் செருகி வைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு? நடப்பு வேலைக்கு 4 டிபி, முடிந்த வேலைக்கு ஒரு 8 டிபி. இவை இரண்டும் மேசையில். இன்னொரு 8 டிபி நகலுக்கு, வாரம் ஒருமுறை செருகிவிட்டுக் கழற்றி வேறு அறைக்கு. செருகியே இருக்கும் நகல், மின்னல் அடித்தாலோ ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வந்தாலோ மூலத்தோடு சேர்ந்தே போகும். மிச்ச நான்கு போர்ட்டபிளும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செருகி, டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 (கெட்ட செக்டர்களைக் காட்டும் வரிகள்) மூன்றும் சுழியமா என்று பார்த்தால் போதும். டேட்டா போகும் வழியில் வந்த பிழைகளைக் காட்டும் சி7 ஏறினால் யூஎஸ்பி கேபிளைக் குறைசொல்லாதீர்கள். அது டிஸ்க்குக்கும் உறைக்குள் இருக்கும் பாலம் போர்டுக்கும் இடையேயான எண்ணிக்கை.

டப்பாவில் இருப்பதில் எந்தக் கல்யாணம் எதில் என்று தேட எவ்ரிதிங் (கோப்புப் பெயரைத் தேடும்) மென்பொருள். அதன் அமைப்பில் கழற்றிய டிரைவ்களைப் பட்டியலிலிருந்து தானாக நீக்கும் டிக்கை எடுத்துவிட்டால், டிஸ்க்கைச் செருகாமலே கோப்புப் பெயர் கிடைக்கும்.

மின்தச்சன்:

சேமிப்புக்கிடங்கு சொல்வது சரி, மூன்றுக்கு மேல் செருக வேண்டாம். அப்படியானால் 4 போர்ட் ஹப்பே போதும், அடாப்டர் மட்டும் நான் சொன்ன அளவில் இருக்கட்டும்.

ஆன் செய்யும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் ஹப் அடாப்டர், பிறகு 8 டிபி. நகலுக்கான இரண்டாவது 8 டிபியும் அன்று வேண்டுமென்றால் 10 விநாடி விட்டு அது. சுழலும் சத்தம் சமமான பிறகு லேப்டாப் கேபிள். அணைக்கும்போது தலைகீழ்: எஜெக்ட், சத்தம் அடங்கும்வரை காத்திருப்பு, பிறகு சுவிட்ச். எஜெக்ட் மறுத்தால் எடிட்டிங் மென்பொருளை மூடிப் பாருங்கள். அதற்கும் மறுத்தால் கேபிளைப் பிடுங்காமல் லேப்டாப்பை ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.