பொலிஸார் தொடங்கும் இளையோர் மெய்வல்லுநர் பயிற்சிக்கு யார் தலைமை தாங்க வேண்டும்?

வலிகாமம் கழகச் செயலாளர்:

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்தில் ஒரு சிறிய விளையாட்டுக் கழகத்தின் செயலாளராக ஆறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். கடந்த மாதம் நடைபெற்ற சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் எங்கள் பகுதிப் பொலிஸ் அதிகாரி ஒருவர் ஒரு முன்மொழிவை வைத்தார். 12 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் ஓட்டம், பாய்தல், எறிதல் ஆகியவற்றில் பயிற்சி அளிப்பதோடு, ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு மூத்தவர் பொறுப்பெடுத்து வழிகாட்டும் ஒரு திட்டத்தைப் பொலிஸ் நிலையம் தொடங்க விரும்புகிறது என்றார். மைதானம் எங்களுடையது. ஈட்டி, குண்டு, தட்டு போன்றவற்றை அவர்கள் பெற்றுத் தருவார்கள். பிள்ளைகளைச் சேர்ப்பது இரு தரப்பினருடைய வேலை.

தேவை இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சந்தியிலும் மதகிலும் பொழுதைக் கழிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கிறேன். வாள்வெட்டு வழக்கில் சிக்கிய ஒருவன் நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கழகத்தின் கனிஷ்ட அணியில் விளையாடியவன் என்பதை நினைக்கும்போது எனக்கு உறக்கம் வருவதில்லை. அவன் எங்களை விட்டுப் போன வாரத்தில் வீடு தேடிப் போய் ஏன் என்று கேட்க எவருமே இருக்கவில்லை. அந்த எவருமேயில் நானும் அடக்கம்.

ஆனால் பெற்றோரின் தயக்கத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டையடுத்துப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதும் இல்லை. காக்கிச் சட்டையைக் கண்டால் பிள்ளையை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் தாய்மாரிடம், அதே சட்டைக்காரரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்படி எந்த முகத்தோடு கேட்பேன்?

இத்தகைய திட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் பொலிஸ் அதிகாரியாக இருக்க வேண்டுமா, கழகத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமா, அவரிடம் எவ்வகைத் தகுதியை எதிர்பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி. வேறு நாடுகளில் இதை நேரிற் கண்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

நியூயோர்க்கிலிருந்து ஒரு கொக்குவிலான்:

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். நான் வாழும் நகரத்தில் இந்த எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. 1914இல் பொலிஸ் ஆணையாளராக இருந்த ஆர்தர் வூட்ஸ், குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த கீழ்க் கிழக்கு மன்ஹட்டனில் பிள்ளைகளுக்கு விளையாட இடமே இல்லை என்பதைக் கண்டு, பகலில் சில தெருக்களை வாகனங்களுக்கு மூடி விளையாட்டுத் தெருக்களாக மாற்றினார். தெருவில் பந்து விளையாடியதற்காகப் பிள்ளைகளை விரட்டிய அதே பொலிஸார்தான் அதே தெருவை மறித்து அவர்களை விளையாட விட்டார்கள். பிற்காலத்தில் பொலிஸ் அத்லெட்டிக் லீக் என்ற பெயரில் வளர்ந்த அமைப்பின் வேர் அதுவே. கோடையில் விளையாட்டுத் தெருக்கள் இன்றைக்கும் திறக்கப்படுகின்றன.

உங்கள் கேள்விக்கு நெருக்கமாக வரும் செய்தி வேறொன்று. அந்த அமைப்பு பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவாக இயங்கவில்லை. தனக்கென ஓர் இயக்குநர் சபையும் தனக்கென நிதியும் கொண்ட சுயாதீனமான தொண்டு நிறுவனமாகவே நடக்கிறது. பொலிஸார் வருவார்கள், பிள்ளைகளோடு விளையாடுவார்கள், ஆனால் நாளாந்தப் பணிகளைப் பெரும்பாலும் செய்பவர்கள் பொதுமக்களைச் சேர்ந்த ஊழியர்களே. மன்ஹட்டனின் மாவட்ட வழக்குத் தொடுநராக 1975 முதல் 2009 வரை பதவி வகித்த ரொபேர்ட் மோர்கெந்தோ நெடுங்காலம் அதன் சபைத் தலைவராக இருந்தார். குற்றவாளிகளை நீதிமன்றில் நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ஒரு பிள்ளை அந்த நீதிமன்றப் படியை ஏறாதிருக்கவும் தன் காலத்தைச் செலவிட்டார் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மேலே இருப்பவர்களைவிடக் கீழே மைதானத்தில் நிற்பவரே முக்கியம் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். 1954இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் 12 வயதுச் சிறுவன் ஒருவனுடைய புதிய சைக்கிள் திருட்டுப் போய்விட்டது. முறைப்பாடு செய்யப் பொலிஸ்காரர் ஒருவரைத் தேடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போனான். அங்கே ஜோ மார்ட்டின் என்ற பொலிஸ்காரர் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். திருடனை அடித்து நொறுக்கப் போவதாக அழுதபடி சொன்ன சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று அவர் சொன்னார். அச்சிறுவன்தான் பின்னாளில் முகம்மது அலி. 1960இல் ரோம் ஒலிம்பிக்குக்கு விமானத்தில் ஏறவே அஞ்சிய அவனுடன் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தவரும் மார்ட்டின்தான். இந்தக் கதையைத் தங்கப் பதக்கத்துக்காகவே எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, 1954இலும் அவர் இருந்தார், 1960இலும் அவரே இருந்தார் என்பதுதான். இடையில் ஆறு ஆண்டுகள், பெரும்பாலும் எவரும் பார்க்காத பின்னேரங்கள்.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

தம்பி, கடைசிப் பத்தியில் கொக்குவில் அன்பர் எழுதியிருப்பதை வைத்துத்தான் நானும் தொடங்க வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஊரில் இதே போன்ற ஒரு முயற்சி முன்பு நடந்தது. அதை முன்னின்று நடத்திய அதிகாரி நல்ல மனிதர். தமிழ் கற்றுக்கொண்டார், பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி அழைத்தார், மழை நாளில்கூட மைதானத்துக்கு வந்தார். எட்டாம் மாதத்தில் அவருக்கு இடமாற்றம் வந்தது. அவருக்குப் பின் வந்தவருக்கு விளையாட்டில் நாட்டமில்லை. மூன்று வாரங்கள் பிள்ளைகள் வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள். திட்டமே தொடங்காதிருந்தால் ஏற்பட்டிருக்காத ஒரு காயம் அவர்களுக்கு ஏற்பட்டது. அதன் பிறகு நாங்கள் எதற்கு அழைத்தாலும் அவர்கள் வரவில்லை.

ஆகையால் தலைமை ஊரில் இருக்கும் ஒருவரிடமே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பொலிஸார் துணைத் தலைமையில் இருக்கட்டும். ஊர்க்காரர் என்றால் யாராயினும் சரி என்றும் எண்ணிவிடாதீர்கள். மெய்வல்லுநர் பயிற்சி என்பது கரப்பந்து வலையைக் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதைப் போன்றதன்று. வளரும் வயதுப் பிள்ளையின் முழங்காலையும் குதிக்காலையும் அறியாமல் நாள்தோறும் கடின நிலத்தில் ஓடவிடுபவர் அப்பிள்ளைக்குத் தீங்கே செய்கிறார். ஈட்டி எறியும் திசையில் ஒரு பிள்ளை நடந்து போவதைக் காணத் தவறுபவரிடம் மைதானத்தைக் கொடுக்கவே கூடாது.

நுட்பம் தெரிந்தாலும் அது பாதிதான். ஓட வந்த பிள்ளை மத்தியானம் சாப்பிட்டதா என்பதை அதன் முதல் இரண்டு சுற்றுகளிலேயே நல்ல பயிற்றுநர் கண்டுபிடித்துவிடுவார். செருப்பில்லாமல் வரும் பிள்ளையிடம் மற்றவர்கள் முன்னிலையில் சப்பாத்தைப் பற்றிக் கேட்க மாட்டார். மூன்று நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு நான்காம் நாள் சைக்கிளை மிதித்துப் போவார். நீங்கள் முதற் பதிவில் எழுதிய அந்தப் பையனுக்குக் கிடைக்காமற் போனது அந்தச் சைக்கிள் பயணம்தான். உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் அப்படிப் போகாமல் விட்ட வீடுகள் உண்டு, அவற்றின் படலைகளை இன்றும் என்னால் சரியாகக் காட்ட முடியும்.

இந்த மண்ணில் திறமைக்குக் குறைவில்லை. யாழ் மத்திய கல்லூரியில் பயின்ற எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டி இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவி அனிதா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகளை நிலைநாட்டினார். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஆனால் பதக்கத்தைத் திட்டத்தின் அளவுகோலாக வைத்துவிடாதீர்கள். வைத்தால், கடைசியாக ஓடி வரும் பிள்ளை இரண்டாம் மாதம் நின்றுவிடும். உங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட பிள்ளை பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஒரு தாய், தெல்லிப்பழை:

எனக்கு 14 வயதில் ஒரு மகளும் 16 வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மேலே எழுதியவர்கள் அனைவரும் பையன்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. தலைமையில் ஒரு பெண் இல்லாவிட்டால் என் மகளை அனுப்ப மாட்டேன். பெயருக்கு ஒரு பெண் பொலிஸ் உத்தியோகத்தரை ஒரு நாள் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வது போதாது. பயிற்சி நடக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பெண் பயிற்றுநரோ ஆசிரியையோ அங்கே இருக்க வேண்டும். இருட்டுவதற்கு முன் பயிற்சி முடிய வேண்டும். ரியூசன் வகுப்புகள் எந்நேரத்தில் நடக்கின்றன என்று பெற்றோரைக் கேட்டுவிட்டு நேரத்தைக் குறியுங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன். என் மகன் அங்கே வந்து, தன் நண்பன் ஒருவன் ஏதோ தூளைப் பாவிக்கிறான் என்று நம்பிச் சொன்னால், அடுத்த நாள் அந்த நண்பனின் வீட்டு வாசலில் ஜீப் நிற்குமா? அப்படி நின்றால் என் மகன் ஊரில் எப்படி நடமாடுவான்?

முன்னாள் உப பொலிஸ் பரிசோதகர்:

நான் தமிழன். இருபத்தைந்து ஆண்டுகள் சீருடையில் இருந்தேன். இந்த அம்மாவின் கடைசிக் கேள்விதான் முழு விடயத்தினதும் மையம் என்பதால் அதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

ஜீப் நிற்கக் கூடாது. பயிற்சிக்கு வரும் உத்தியோகத்தரும் அதே பகுதியில் குற்றப் புலனாய்வு செய்யும் உத்தியோகத்தரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதை முதற் கூட்டத்திலேயே பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மைதானத்தில் பிள்ளைகள் பேசுவதைத் தகவலாகச் சேகரிக்கும் எண்ணம் ஒரேயொரு தடவை வெளிப்பட்டாலும் திட்டம் அன்றோடு முடிந்துவிடும், பிறகு பத்து ஆண்டுகளுக்கு அந்த ஊரில் எவரும் மீண்டும் தொடங்க முடியாது. சேவையில் இருந்தபோது இதை என் மேலதிகாரிகளுக்கு நான் சொன்னதுண்டு. சிலர் ஏற்றுக்கொண்டார்கள்; சிலருக்கு மைதானம் என்பது தகவல் கிடைக்கும் இன்னோர் இடமாகவே தெரிந்தது. உங்களிடம் முன்மொழிவு வைத்த அதிகாரி எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. இந்த நிபந்தனையை அவர் முன் வையுங்கள். முகம் சுளிக்காமல் ஒப்பமிடுவாரானால் அவரோடு வேலை செய்யலாம்.

இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுவதாகவோ துஷ்பிரயோகத்துக்கு உள்ளாவதாகவோ தெரியவந்தால் எந்தப் பயிற்றுநரும் அதை மறைத்து வைத்திருக்க முடியாது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம், பிரதேச செயலகத்தில் சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தரும் இருக்கிறார். இரகசியம் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு அறிவிப்பதைவிட, எதைக் காப்பேன், எதைக் காக்க முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லுபவரையே பிள்ளைகள் நம்புகிறார்கள்.

இடமாற்றத்தைப் பற்றி ஆசிரியர் எழுதியது முற்றிலும் உண்மை. ஆகவே திட்டத்தை ஒரு தனிமனிதரின் பெயரில் நடத்த வேண்டாம். உங்கள் கழகம் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டிருந்தால், அதன் உபகுழுவாக இதை அமைத்து, பிரதேச செயலக விளையாட்டு உத்தியோகத்தரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதிகாரி மாறினாலும் கூட்டக் குறிப்பேடு மாறாது. உபகரணங்களையும் கழகத்தின் இருப்புப் புத்தகத்தில் பதியுங்கள், இல்லாவிட்டால் அவையும் இடமாற்றத்தோடு போய்விடும். சீருடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: பயிற்சிக்கு வருபவர் விளையாட்டு உடையில், ஆயுதமின்றி வர வேண்டும். தமிழில் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் நிபந்தனையாகவே வையுங்கள்.

வலிகாமம் கழகச் செயலாளர்:

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. நேற்று மாலை நிர்வாகக் குழுவைக் கூட்டி இப்பதிவுகளை உரத்து வாசித்தோம். தலைமை கழகத்திடமே இருக்கும் என்றும், எங்கள் ஊரிலேயே வாழும் ஓர் உடற்கல்வி ஆசிரியையை இணைத் தலைவராக அழைப்பது என்றும் முடிவு செய்தோம். அவர் சம்மதித்துவிட்டார், மூன்று ஆண்டுகளுக்கு இடையில் விடமாட்டேன் என்று தாமாகவே சொன்னார். முன்னாள் பரிசோதகர் ஐயா கூறிய நிபந்தனைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை பொறுப்பதிகாரியைச் சந்திக்கும்போது முதலில் அந்தத் தாளைத்தான் மேசையில் வைப்போம். அவர் ஒப்பமிட மறுத்தால் உபகரணங்கள் இல்லாமலே, கழகத்தின் பெயரில் மட்டும் தொடங்குவோம்.

ஆசிரியர் ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுடைய வீட்டுக்குப் போகிறேன். அவன் பிணையில் வந்திருப்பதாக அறிகிறேன். அவனுக்கு 13 வயதில் ஒரு தம்பி இருக்கிறான். மைதானத்துக்கு நீங்களும் ஒரு நாள் வர முடியுமானால், ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் அன்று வாருங்கள். வளைவை அளந்து பிடிக்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது.