எண்ணெயைக் குறைத்தால் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பு சப்பென்று ஆகிறது. எங்கே தவறு?

கேட்டவர்: கானாடுகாத்தான்

அப்பச்சிக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கென்று தனிச்சட்டி வைக்காமல், வீட்டில் எல்லாருக்குமே சாப்பாட்டை மாற்றலாம் என்று முடிவு. 1 கிலோ கோழிக்கு இதுவரை 6 டேபிள் ஸ்பூன் எண்ணெயும் அரை மூடித் தேங்காயும். இப்போது எண்ணெய் 2 டேபிள் ஸ்பூன், தேங்காய் அறவே இல்லை. மசாலா அளவில் மாற்றமில்லை. ஆனால் குழம்பில் பச்சை வாடை நிற்கிறது, வெங்காயம் தனியே மிதக்கிறது, கல்பாசி போட்ட மணமே தெரியவில்லை. "எண்ணெய் பிரியும்வரை வதக்கு" என்பார்கள். பிரிய எண்ணெயே இல்லாதபோது எதைப் பார்த்து இறக்குவது? வறுவலுக்கும் வழி சொல்லுங்கள். நெஞ்சுக்கறி போட்டால் சக்கை மாதிரி ஆகிவிடுகிறது.

பதில் 1: தேவகோட்டை ஆச்சி

தம்பி, 2 டேபிள் ஸ்பூன் எண்ணெய் 1 கிலோ கறிக்குத் தாராளமாகப் போதும். எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டுச் செய்முறையைப் பழையபடியே வைத்திருக்கிறீர்கள், கோளாறு அங்கேதான். கல்பாசி, பட்டை, கிராம்பு மணமெல்லாம் தண்ணீரில் அவ்வளவாக இறங்காது, எண்ணெயில்தான் இறங்கும். அதனால் இருக்கிற எண்ணெய் முதலில் அவற்றுக்குத்தான் போகவேண்டும். வெங்காயத்தோடு சேர்த்துப் போட்டால் எண்ணெயை வெங்காயம் இழுத்துக்கொள்ளும்.

வாய் அகன்ற வாணலி வேண்டாம். எண்ணெய் மெல்லிசாகப் பரவிக் கருகும். அடி கனத்த, வாய் குறுகிய சட்டி எடுங்கள். நல்லெண்ணெய் காய்ந்ததும் தீயைக் குறைத்து, கல்பாசி இரண்டு இதழ், பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, பிரிஞ்சி இலை 1, சோம்பு அரை டீஸ்பூன், ஒரு கொத்து கறிவேப்பிலை. கல்பாசி கூடினால் குழம்பு கசக்கும், மணம் வரவில்லையே என்று அள்ளிப் போடாதீர்கள். மணம் எழும்பியதும் நறுக்கிய சின்ன வெங்காயம் 250 கிராம், அரை டீஸ்பூன் உப்பு, மூடி. ஐந்து நிமிடத்தில் வெங்காயம் தன் தண்ணீரிலேயே வெந்து துவளும். பிறகு மூடியை எடுத்துவிட்டு வதக்க வேண்டும். அடியில் பிடிக்கத் தொடங்கும்போது 2 டேபிள் ஸ்பூன் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். அடியில் பிடித்த அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. இப்படி மூன்று தடவை. மொத்தம் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் ஆகும். அவசரப்பட்டால் உங்களுக்கு வந்த மாதிரி வெங்காயம் மிதக்கும்.

வெங்காயம் சிவக்கும் முன்னே தக்காளி போடக்கூடாது. தண்ணீரும் புளிப்பும் சேர்ந்தால் அதற்குமேல் சிவக்காது. சிவந்தபின் இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள் ஸ்பூன், பிறகு தக்காளி இரண்டு.

மசாலாவைத் தூளாகப் போடாதீர்கள், எண்ணெய் குறைந்த சட்டியில் அரை நிமிடத்தில் கருகும். மல்லி 3 டேபிள் ஸ்பூன், வரமிளகாய் 8, மிளகு ஒன்றரை டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், சோம்பு 2 டீஸ்பூன். எல்லாவற்றையும் எண்ணெயில்லாமல் சிறுதீயில் தனித்தனியாக வறுத்து, தண்ணீர் விட்டு மைய அரைத்துவிடுங்கள். விழுது கருகாது. மூடாமல் ஐந்து நிமிடம் வதக்குங்கள்.

இறக்கும் பக்குவம் கேட்டீர்கள். எண்ணெய் பிரிகிறது என்றால் மசாலாவில் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். எண்ணெய் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தண்ணீர் வற்றியதைக் கண்டுபிடிக்கலாம். கரண்டியால் நடுவில் கோடு கிழித்தால் இரண்டு மூன்று விநாடி அடிச்சட்டி தெரியவேண்டும். கொதிக்கிற சத்தம் அடங்கிச் சுர்ரென்று வறுபடும் சத்தம் வரும். மல்லியின் பச்சை வாடை போயிருக்கும். மூன்றும் சேர்ந்தால் கறியைப் போடலாம்.

பிராய்லர் என்றால் முதலில் தண்ணீர் ஊற்றாமல் பெருந்தீயில் ஐந்து நிமிடம் பிரட்டுங்கள், அதுவே தண்ணீர் விடும். பிறகு வெந்நீர் ஒன்றரை டம்ளர், மூடி போட்டு இருபது நிமிடம். நாட்டுக்கோழியென்றால் குக்கரில் ஐந்து விசில், கோழி முற்றலானால் இன்னும் இரண்டு.

தேங்காயை ஏன் அறவே விட்டீர்கள்? 3 டேபிள் ஸ்பூன் துருவலோடு 1 டேபிள் ஸ்பூன் பொட்டுக்கடலை, அரை டீஸ்பூன் சோம்பு அரைத்துக் கடைசி ஐந்து நிமிடம் விடுங்கள். குழம்பு கூடிவரும். சிலர் ஓட்ஸ் அரைத்து விடச் சொல்வார்கள். குழம்பு கொழகொழவென்று ஆகும், ஆறினால் கட்டி தட்டும். வேண்டாம்.

பதில் 2: இரும்புவாணலி

வறுவலுக்கு வருகிறேன். எலும்பில்லாத தொடைக்கறி அரைக் கிலோ, தயிர் 2 டேபிள் ஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மஞ்சள் கால் டீஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது 1 டேபிள் ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். பிசறி ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம். எலுமிச்சம்பழத்தை முன்கூட்டியே பிழியாதீர்கள், நேரம் போகப் போக மேற்புறம் மாவுமாவாக ஆகிவிடும். சாறு இறக்கியபின் போதும்.

இரும்பு வாணலி நன்றாகக் காயட்டும். 2 டீஸ்பூன் எண்ணெய். கறியை இரண்டு ஈடாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரப்பி, மூன்று நிமிடம் கரண்டி படாமல் விடுங்கள். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கி, கறி விட்ட தண்ணீரிலேயே அவியும். வெளுத்த வறுவல் வருவது அதனால்தான். எண்ணெய் குறைந்ததால் அல்ல. இரண்டு ஈடும் சிவந்தபின் சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து, நான்கைந்து நிமிடம் மூடுங்கள். கடைசியில் அப்போதே இடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன், கறிவேப்பிலை, மேலே அரை டீஸ்பூன் நல்லெண்ணெய். அடுப்பை அணைத்தபின் விடுகிற அந்த அரை டீஸ்பூன் தட்டில் மணக்கும்.

நெஞ்சுக்கறி சக்கையாவது அதிகம் வெந்ததால். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொட்டால் வெந்துவிட்டது. அதற்குமேல் ஏற ஏறச் சாறு வெளியேறும். பெரிய துண்டாக, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். மொத்தம் ஏழெட்டு நிமிடத்துக்குமேல் அடுப்பில் வேண்டாம். குழம்பில் போடுவதானால் கடைசிப் பத்து நிமிடம் மட்டும்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றாவது உப்புக்கறி மாதிரி செய்துபாருங்கள். விதை உதறிய வரமிளகாய் 8, சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு 15 பல், தொடைக்கறி அரைக் கிலோ, 2 டீஸ்பூன் எண்ணெய். அரைப்பதும் இல்லை, தேங்காயும் இல்லை.

கேட்டவர்: கானாடுகாத்தான்

ஆச்சி, கோடு கிழிக்கும் கணக்கு தெரியாமல்தான் பாதியிலேயே கறியைப் போட்டிருக்கிறேன். தனித்தனிச் சட்டி இல்லாமல் பிள்ளைகளையும் இதற்குப் பழக்க வழி உண்டா? எண்ணெயில் பொரிக்கிற கோலா உருண்டையையும் விடமுடியாது என்கிறார்கள்.

பதில் 3: அளவுகரண்டி

கணக்கைப் பார்த்துவிடலாம். 1 டேபிள் ஸ்பூன் எண்ணெய் ஏறக்குறைய 13.5 கிராம் கொழுப்பு, 120 கலோரி. 6 இருந்ததை 2 ஆக்கினால், ஆறு பேர் சாப்பிடும் வீட்டில் ஆளுக்கு 80 கலோரி மிச்சம். தேங்காய் 100 கிராமில் 33 கிராம் கொழுப்பு, ஆகவே அதைக் குறைப்பதும் கணக்கில் வரும். கோழித் தோலிலும் ஏறக்குறைய அதே அளவு கொழுப்பு உண்டு. நாட்டுக்கோழியைப் பொசுக்கி, மஞ்சள் தடவி, தோலோடு வெட்டித் தருவார்கள். தோலை உரித்துத் தரச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 80 கலோரி என்பது ஒரு சின்னக் கரண்டி சோறு. குழம்பு நீர்க்க இருந்தால் ஊற்றிப் பிசையச் சோறு கூடுதலாகப் போகும், மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்துவிடும். அதனால் குழம்பைக் கெட்டியாக வையுங்கள். முருங்கைக்காய், சுரைக்காய், கத்தரிக்காய் ஏதாவது ஒன்று 300 கிராம் குழம்பிலேயே போடலாம். சுரைக்காய் தண்ணீர் விடும், வெந்நீரை அரை டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள். தட்டில் பாதி காய், கால் பங்கு கறி, கால் பங்கு சோறு. கவுனி அரிசி வைத்தால் எட்டு மணி நேரம் ஊறவேண்டும். நார்ச்சத்து கூடுதல், ஆனாலும் அதுவும் அரிசிதான், அளவு அதே கால் பங்கு.

உப்பையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 1 டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் வரும். 1 கிலோ கறிக்கு இரண்டரை டீஸ்பூன் போட்டால் ஆளுக்கு இரண்டரை கிராம், அந்த ஒரு குழம்பிலேயே பாதி முடிந்தது. ஒன்றே முக்கால் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் குறை தெரியாது. சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

பிள்ளைகளுக்கு ஒரே நாளில் 6-ஐ 2 ஆக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் 4, பிறகு 3, பிறகு 2. நாக்குக்குப் பழக நாள் கொடுக்கவேண்டும். வேண்டுமானால் குழம்பை இறக்கியபின் அவர்கள் கிண்ணத்துக்கு மட்டும் 1 டீஸ்பூன் எண்ணெயில் கறிவேப்பிலையும் மிளகும் தாளித்து ஊற்றுங்கள். சட்டி ஒன்றேதான்.

பதில் 4: தேவகோட்டை ஆச்சி

கோலாவுக்குப் பணியாரக்கல் இருக்கிறதே தம்பி. கோழிக் கொத்துக்கறி 300 கிராம். ஆட்டுக்கறியைவிட இதில் ஈரம் அதிகம், அதனால் மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு போட்டு வெறும் சட்டியில் ஈரம் வற்றும்வரை முதலில் வதக்கி ஆறவிடுங்கள். பச்சையாக உருட்டினால் வெளியே சிவந்து உள்ளே வேகாமல் நிற்கும். ஆறியதும் சோம்பு 1 டீஸ்பூன், பச்சை மிளகாய் 3, தேங்காய் 1 டேபிள் ஸ்பூன் சேர்த்துத் தண்ணீர் ஊற்றாமல், நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பொட்டுக்கடலை மாவு 3 டேபிள் ஸ்பூன் போட்டுப் பிசைந்து, சின்ன எலுமிச்சை அளவு உருண்டை. விரிசல் விட்டால் ஒரு ஸ்பூன் முட்டை வெள்ளைக்கரு, கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மாவு.

கல் நன்றாகக் காயவேண்டும், குழிக்குக் கால் டீஸ்பூன் எண்ணெய், சிறுதீ, மூடி போட்டு நான்கு நிமிடம், திருப்பிப்போட்டு மூன்று நிமிடம். கல் காயாமல் வைத்தால் ஒட்டிக்கொண்டு உடையும். பன்னிரண்டு உருண்டைக்கு 3 டீஸ்பூன் எண்ணெய்தான் ஆகும்.

கேட்டவர்: கானாடுகாத்தான்

முந்தின நாளே உருட்டி வைக்கலாமா ஆச்சி?

பதில் 5: தேவகோட்டை ஆச்சி

உருட்டி வைக்கவேண்டாம், கறியை அரைத்து மட்டும் வைக்கலாம். வெங்காயத்தை மறுநாள் சேருங்கள், முந்தின நாளே சேர்த்தால் தண்ணீர் விட்டு உருண்டை தளரும். அரைத்த கறியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, சுடுவதற்கு முன் வெங்காயமும் மாவும் போட்டு உருட்டுங்கள். ஒரு நாளுக்குமேல் வைக்காதீர்கள்.