சிஆர்எஃப் 250ஆர் டாப் எண்ட் வேலை: வீட்டில் எதுவரை செய்யலாம், எதை வெளியே கொடுக்கணும்?

செம்மண்_ரைடர்:
வணக்கம். வண்டி 2007 ஹோண்டா சிஆர்எஃப் 250ஆர் மோட்டோகிராஸ் பைக், செகண்ட் ஹேண்ட். இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு என்ற கணக்கு இல்லை. காலையில் கிக் அடித்து எடுக்கவே முடியவில்லை. தள்ளினால் உடனே பிடிக்கிறது. புகை இல்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்து புது பிளக்கும் போட்டாச்சு. டாப் எண்டில், அதாவது இஞ்சினின் மேல்பகுதியில், பிஸ்டன், ரிங், டைமிங் செயின் மூன்றையும் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர் இருக்கு. சிலிண்டரை ரீபோருக்கு (துளையைக் கடைந்து பெரிதாக்க) கொடுக்கணுமா? வால்வை நானே கிரைண்டிங் பேஸ்ட் வைத்துத் தேய்க்கலாமா?

வால்வு_சீட்:
பேஸ்ட் டப்பாவை முதலில் மூடி வையுங்க. இந்த இஞ்சினில் இன்டேக் வால்வு (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வு) இரண்டும் டைட்டானியம். அதன் முகத்தில் இருப்பது மிக மெல்லிய கடினப் பூச்சு. பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் பூச்சு போய்விடும், பிறகு வால்வு சீட்டுக்குள் (ஹெட்டில் அது உட்காரும் வளையத்துக்குள்) சீக்கிரமே புதைந்துவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இன்டேக் கிளியரன்ஸ் (மூடிய வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி) பூஜ்யத்துக்கு வந்திருக்கும். வால்வு முழுசா உட்காராததால், கிக்கின் மெதுவான சுற்றில் கம்ப்ரஷன் கசிந்துவிடுகிறது. தள்ளும்போது இஞ்சின் வேகமாகச் சுற்றும், கசிய நேரம் கிடைக்காது. ஹெட்டைக் கழற்றும் முன் இதை அளந்து பாருங்க. இன்டேக் 0.12, எக்ஸாஸ்ட் 0.28 மி.மீ.; இரண்டுக்கும் 0.03 கூடக் குறைய இருக்கலாம். இஞ்சின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்கணும். நம்ம ஊர் மே மாத மதியத்தில் அது நடக்காது, விடியற்காலையில் அளங்க.

இந்த இடைவெளியைச் சரிசெய்ய வால்வின் மேல் வைக்கும் சின்னத் தகடுதான் ஷிம். ஷிம் கணக்கு எளிது: பழைய ஷிம் தடிமனோடு அளந்த கிளியரன்ஸைக் கூட்டி, வேண்டிய கிளியரன்ஸைக் கழிக்கணும். ஷிம் 2.10, அளந்தது 0.05 என்றால் 2.10 + 0.05 − 0.12 = 2.03. ஷிம் 0.025 படிகளில் வரும், ஆகவே 2.025 போடலாம். கேஜே நுழையவில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது. மெல்லிய ஷிம் ஒன்றைத் தற்காலிகமாகப் போட்டு அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்க. ஷிம்மின் மேல் அச்சடித்த எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் பாருங்க.

ஒரு முறை ஷிம் மாற்றலாம். சில மணி நேரத்திலேயே மறுபடி இறுகினால் வால்வின் ஆயுள் முடிந்தது. புது வால்வு வாங்கினால் சீட்டையும் மெஷினில் வெட்டியே ஆகணும். பழைய சீட்டில் புது வால்வைப் போடுவது காசைத் தண்ணீரில் போடுவது. ஸ்டீல் வால்வுக்கு மாறுவதானால் எடை கூடும், அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றணும். இதெல்லாம் வண்டியின் குற்றமில்லை. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போன தூசிதான் வால்வைத் தின்கிறது.

நிக்கசில்:
சிலிண்டருக்கு நான் சொல்கிறேன். ரீபோர் கிடையாது. 78 மி.மீ. போரின் (சிலிண்டர் துளையின்) உள்சுவரில் இருப்பது நிக்கல் சிலிக்கான் கார்பைடு பூச்சு. லேத்தில் கொடுத்தால் பூச்சைச் சுரண்டிக் கொடுத்துவிடுவார்கள், சிலிண்டர் காலி. நகத்தால் வருடிப் பாருங்க. கோடு நகத்தில் மாட்டினாலோ, பூச்சு உரிந்து அலுமினியம் தெரிந்தாலோ மறுபூச்சு அல்லது புது சிலிண்டர். இல்லையென்றால் சோப்புத் தண்ணீரும் நைலான் பச்சை நாரும் போதும். கழுவித் துடைத்த பிறகு, எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் உள்ளே துடைத்தால் கறுப்பு வரக்கூடாது, அது வருவது நிற்கும்வரை கழுவுங்க.

ரிங்கை பிஸ்டனில் மாட்டும் முன் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வாய் இடைவெளியை அளங்க. போரில் 250-இல் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, இதற்குச் சுமார் 0.3 மி.மீ. பிஸ்டனோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. பிஸ்டன் பின்னைப் பூட்டும் கிளிப்பைப் பழையதாகப் போடவே கூடாது. கிளிப் மாட்டும்போது கிராங்க்கேஸ் வாயைத் துணியால் அடைத்துவிடுங்க, தெறித்து உள்ளே விழுந்தால் மொத்த இஞ்சினையும் பிரிக்கணும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து அசைத்துப் பாருங்க. பக்கவாட்டில் கொஞ்சம் நகரலாம். மேலும் கீழும் துளி ஆட்டம்கூட இருக்கக்கூடாது. இருந்தால் கிராங்க் வேலை, அதற்கு பிரஸ்ஸும் டயல் கேஜும் வேணும், வீட்டில் வேண்டாம்.

செம்மண்_ரைடர்:
ரொம்ப நன்றி. இன்று காலை அளந்தேன். எக்ஸாஸ்ட் இரண்டும் 0.28. இன்டேக்கில் இடது 0.05, வலதில் கேஜ் நுழையவே இல்லை. கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாமா?

வால்வு_சீட்:
கேஜ் ஏமாற்றும். வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஆட்டோ டீகம்ப்ரஷன் (கிக் அடிக்கும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் வெளியே விடும் அமைப்பு) இருப்பதால் நல்ல இஞ்சினிலும் குறைவாகவே காட்டும். ஹெட்டைக் கழற்றியபின் இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி வையுங்க. வலது வால்வு ஓரமாகச் சொட்டினால் சந்தேகமே வேண்டாம், ஹெட் மெஷின் கடைக்குப் போகணும்.

டாப்_டெட்_சென்டர்:
மாட்டும்போது கவனிக்க வேண்டியவை. வலது கவர் மூடியைத் திறந்து, பிரைமரி கியரின் புள்ளியைக் கவரின் குறியோடு சேர்த்து, அதன் பிறகே கேமை வையுங்க. டைமிங் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரைப் பூட்டி வைத்து மாட்டி, கடைசியில் விடுவிங்க. கையால் இரண்டு முழுச்சுற்று சுற்றிக் குறிகளை மறுபடி பாருங்க. எங்கேயாவது முட்டினால் பலம் போடாதீங்க, செயின் ஒரு பல் தள்ளியிருக்கும். வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

6 மி.மீ. போல்ட் எல்லாம் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான். பெரிய ரெஞ்சை வைத்து முறுக்கினால் ஹெட்டின் அலுமினிய மரை உருவிக்கொள்ளும். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில், இரண்டு மூன்று தவணையாக, மேனுவல் அளவுக்கு முறுக்குங்க.

இஞ்சின் ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் இதில் தனித்தனி, இரண்டும் முக்கால் லிட்டருக்குக் குறைவு. கிளட்ச் கியர்பாக்ஸ் ஆயிலில்தான் நனைகிறது, அங்கே மாலிப்டினம் கலந்த ஆயில் போனால் கிளட்ச் வழுக்கும். பிளக் இல்லாமல் சில முறை கிக் அடித்து ஆயிலை மேலே ஏற்றுங்க. ஸ்டார்ட் ஆனதும் சூடாக்கி, அணைத்து, முழுசா ஆறவிட்டு மீண்டும் ஒருமுறை அப்படியே. முதல் ஓட்டத்துக்குப் பின் ஆயிலை வடித்து, ஃபில்டரைப் பிரித்துத் துகள் பாருங்க. மறுநாள் காலை வால்வு கிளியரன்ஸை மறுபடி அளந்து, தேதியோடு எழுதி வையுங்க. ஏர் பாக்ஸில், ஃபில்டருக்குப் பின்னால் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் உள்ளே விரல் வைத்துப் பாருங்க. தூசி ஒட்டினால் ஃபில்டர் விளிம்பில் கிரீஸ் தடவி மாட்டணும்.