கோல் விழுந்தும் போர்டில் பூஜ்யம்: ஐசி வகைகளைக் கலந்த அனுபவம்

தூத்தூர்ப் பக்கம்

எங்கள் கடற்கரையில் சாயங்காலம் ஆனால் கால்பந்து இல்லாத நாள் கிடையாது. போன கிறிஸ்துமஸ் போட்டிக்கு ஸ்கோர் போர்டு நானே செய்து தருகிறேன் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, ஆசையில் கற்றுக்கொள்பவன்.

பட்டன் அழுத்துவதை எண்ண 74எல்எஸ்90 (74LS90) என்ற ஐசி, அதாவது சில்லு. அந்த எண்ணை செவன் செக்மென்ட் டிஸ்ப்ளேக்கு (ஏழு கோடுகளால் எண் காட்டுவது) மாற்ற சிடி4511 (CD4511). கடையில் கிடைத்தது அதுதான். வீட்டில் செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் 0 முதல் 9 வரை அழகாக ஓடியது.

மைதானத்துக்குச் சின்ன டிஸ்ப்ளே போதாது. ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு சிவப்பு எல்இடியை வரிசையாகக் கோத்துப் பெரிய எண் ஒன்று செய்தேன். நான்கு எல்இடிக்கே 8 வோல்ட் வேண்டும், அதனால் 12 வோல்ட் பேட்டரி. சிடி4511 அதைத் தாங்கும். எல்எஸ் ஐசிக்கு 5 வோல்ட்தான் ஆகும் என்று அதற்கு மட்டும் 12 வோல்ட்டை 5 ஆக்கும் 7805 போட்டேன். கிரவுண்டை ஒன்றாக இணைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

முதல் கோல் விழுந்தது. பட்டனை அழுத்தினேன். பூஜ்யம். திரும்பத் திரும்ப அழுத்தியும் பூஜ்யம்தான். கடைசியில் கரும்பலகையில் எழுதித்தான் மேட்ச் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மார்த்தாண்டத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் ஐசியைத் தொடவே இல்லை. "90 ‘ஒண்ணு’ன்னு சொல்லும்போ எத்தன வோல்ட் வருது மக்ளே? அளந்தியா?" என்றார். அளந்தேன், 4 வோல்ட் பக்கம் இருந்தது. "4511-க்கு எத்தன வேணும்?"

அங்கேதான் எனக்கு விளங்கியது. 4511 மாதிரி 4000 வரிசை (சிடி) ஐசிக்கு எத்தனை வோல்ட் வந்தால் ‘ஒன்று’, எத்தனை வந்தால் ‘பூஜ்யம்’ என்பதெல்லாம் அதன் சப்ளையைப் பொறுத்தது. சப்ளையில் ஏறத்தாழ 70 சதவீதம் வந்தால்தான் அது நிச்சயமாக ஒன்று என்று எடுக்கும். 12 வோல்ட்டில் அது 8.4. என் 4 வோல்ட் அதற்குப் பூஜ்யம் மாதிரிதான். வீட்டில் 5 வோல்ட்டில் 3.5 போதும். அங்கேயும் எல்எஸ் உறுதி தருவது 2.7 வோல்ட்தான், பளு இல்லாததால் கூடுதலாக வந்து ஓடியிருக்கிறது.

"அப்போ 12 வோல்ட்டுக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டுத் தூக்கலாமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டார். எல்எஸ்90-இன் அவுட்புட்டை அதன் சப்ளைக்கு மேலே இழுக்கக் கூடாதாம். அப்படி இழுக்க வேண்டுமென்றால் நடுவில் 7407 மாதிரி ஓப்பன் கலெக்டர் ஐசி (அவுட்புட்டைக் கீழே மட்டும் இழுப்பது, மேலே தூக்குவது வெளி ரெசிஸ்டர்) வேண்டும், அது 30 வோல்ட் வரை தாங்கும். அதைவிட 90-ஐ எடுத்துவிட்டு, அதே எண்ணும் வேலையை 12 வோல்ட்டிலேயே செய்யும் சிடி4518 போடு என்றார். அப்படியே செய்தேன், 7805-உம் தேவைப்படவில்லை. ஆனால் கால் வரிசை வேறு: 90-க்கு சப்ளை 5, 10 என்ற கால்களில், 4518-க்கு 16, 8. பாதி வயரிங்கைப் பிரித்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது. இப்போது ஒரு கோல்கூடத் தவறுவதில்லை.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கருங்கல்

எனக்கு எல்லாம் 5 வோல்ட்டில் இருந்தும் சிக்கல் வந்தது. எல்எஸ்90-இன் நான்கு அவுட்புட்டிலும் பார்வைக்காக 330 ஓம் ரெசிஸ்டரோடு ஒவ்வொரு எல்இடி வைத்திருந்தேன். டிஸ்ப்ளேயில் 3 வர வேண்டிய இடத்தில் சில நேரம் 2, 7-க்குப் பதில் 6. எல்இடி கரண்டை இழுத்ததில் வோல்ட் 3 பக்கம் இறங்கிவிட்டது, 4511 அதை ஒரு நேரம் ஒன்று என்கிறது, ஒரு நேரம் பூஜ்யம் என்கிறது. எல்இடிகளைக் கழற்றி, ஒவ்வொரு அவுட்புட்டுக்கும் 5 வோல்ட்டிலிருந்து 4.7 கிலோ ஓம் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

நாகர்கோவில்

பாலிடெக்னிக் லேபில் வருஷாவருஷம் இதன் மறுபக்கத்தைப் பார்க்கிறேன். சிடி ஐசியிலிருந்து பழைய 74 ஐசிக்குக் கொடுப்பார்கள். அங்கே பிரச்சினை வோல்ட் இல்லை, கரண்ட். பழைய 74-இன் (நடுவில் எல்எஸ் மாதிரி எழுத்து இல்லாதது) ஒரு இன்புட்டைக் கீழே இழுத்துப் பூஜ்யமாக்க 1.6 மில்லி ஆம்பியர் வேண்டும். 5 வோல்ட்டில் சிடி ஐசி உறுதியாக இழுப்பது அரை மில்லி ஆம்பியர் அளவுதான். எல்எஸ் என்றால் 0.4 போதும், அதுவும் ஒரே ஒரு இன்புட். பிள்ளைகளுக்கு நான் காட்டுவது 74-க்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் உள்ள எழுத்தை. எல்எஸ் கொடுப்பதை எச்.சி. (HC) நிச்சயமாக வாங்கும் என்று சொல்ல முடியாது, எச்.சி.டி. (HCT) வாங்கும், அதற்கு 2 வோல்ட் போதும்.

தூத்தூர்த் தம்பி, ஒன்று கேட்கட்டுமா? 4518-க்குள் இரண்டு கவுன்டர் உண்டு. சிடி ஐசியில் இன்புட் காலை எதிலும் இணைக்காமல் விடக் கூடாது, பயன்படுத்தாத பாதியின் இன்புட் கால்களை என்ன செய்தீர்கள்?

தூத்தூர்ப் பக்கம்

சும்மாதான் விட்டிருக்கிறேன் சார். எல்எஸ்-இல் அப்படி விட்டுப் பழகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கழற்றி 9, 10, 15 மூன்றையும் கிரவுண்டில் கட்டிவிடுகிறேன்.